வெண்கலம் வெண்கலமாகக் கேட்க வேண்டும்

மாதேஸ்வரன் மலையில் கம்சாளே ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று கேட்டவர்கள் அந்த ஓசையை மறக்க மாட்டார்கள். இடது கையில் கிண்ணம் போலக் குழிந்த வெண்கலத் தாளம், வலது கையில் குஞ்சம் கட்டிய தட்டைத் தாளம். இரண்டும் மோதும் நொடியில் கூரான ஒரு வெட்டு விழும். அதன் பின்னாலேயே ஒரு ரீங்காரம் எழும்பி மெல்ல மெல்லத் தேயும். அடுத்த அடி விழும்போதும் முந்தைய ரீங்காரத்தின் வால் காற்றில் மிச்சமிருக்கும். அதே கம்சாளேப் பதிவை வீட்டுச் செட்டில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வெட்டு மட்டும் 'ச்சக், ச்சக்' என்று வரும்; ரீங்காரம் வராது. தகரத்தைத் தட்டினாலும் வெண்கலத்தைத் தட்டினாலும் ஒன்றுபோலவே கேட்கும்.

ஒரு ஹை-ஃபை செட்டுக்கு நான் வைக்கும் முதல் தேர்வு இதுதான். விளம்பரத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்ப வேண்டாம், கடைக்காரர் சொல்வதையும் நம்ப வேண்டாம். நேரில் நூறு முறை கேட்டுப் பழகிய ஓர் ஓசை, பெட்டி வழியாக வரும்போதும் அதுவாகவே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ஹனூர்க்காரர்களுக்குக் கம்சாளே. தஞ்சாவூர்க்காரர்களுக்கு நாகஸ்வரமும் தவிலும். மதுரைப் பக்கம் பறை.

ஹனூர், கொள்ளேகாலில் இருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. 1997 வரை மைசூர் மாவட்டம், அதன் பிறகு சாமராஜநகர் மாவட்டம். இன்னும் பின்னால் போனால், 1956 நவம்பர் 1 வரைக்கும் கொள்ளேகால் தாலுக்கா முழுவதும் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதனால் இங்கே தமிழும் கன்னடமும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே வாக்கியத்தில் புழங்கும். ஒரே பென் டிரைவில் மாதேஸ்வரன் பாட்டும் இருக்கும், இளையராஜாவும் இருப்பார். பெரிய ஆடியோ ஷோரூம் என்று எதுவும் பக்கத்தில் கிடையாது. நல்ல ஸ்பீக்கரைக் காதால் கேட்டு வாங்க மைசூருக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். உதிரிப் பாகங்களுக்கு பெங்களூர் எஸ்.பி. ரோடு, இல்லையென்றால் சென்னை ரிச்சி தெரு. இப்படிப்பட்ட சின்ன ஊரில், சாதாரண வருமானத்தில், வீட்டில் பாட்டு நன்றாகக் கேட்க என்ன செய்யலாம் என்பதே இந்த வாரக் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் செலவு செய்யும் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் பெரிய ஆம்பிளிஃபயர், அப்புறம் விலை அதிகமான ஒயர், அப்புறம் ஏதாவது ஒரு ஸ்பீக்கர், கடைசியில் அதை வைக்க மூலையில் ஓர் இடம். இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும்: அறை, ஸ்பீக்கர், அது நிற்கும் இடம், அதன் பிறகு மற்றவை.

மைசூரின் காது

பதிவு செய்த இசையைக் கேட்பதில் மைசூருக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. இந்தியாவில் முதன்முதலாக இசைத்தட்டு மூலம் புகழ்பெற்ற பாடகி கௌஹர் ஜான். 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஃபிரெட் கெய்ஸ்பர்க் நடத்திய பதிவில் பாடியவர். அவருடைய கடைசிக் காலம் மைசூர் அரண்மனை வித்வானாகக் கழிந்தது. 1930 ஜனவரியில் மைசூரிலேயே காலமானார். வானொலியை எடுத்துக்கொண்டால், 1935-ல் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி தன் வீட்டிலேயே 30 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்துத் தொடங்கிய நிலையத்தில்தான் 'ஆகாசவாணி' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது.

இவர்களுக்கெல்லாம் மேலே நிற்கிறார் ஜெயசாமராஜேந்திர உடையார். மைசூரின் கடைசி மகாராஜா, 1964 முதல் 1966 வரை நம் சென்னை மாநில ஆளுநர். கர்நாடக சங்கீதத்தில் 94 கிருதிகள் இயற்றியவர். மேற்கத்திய இசையிலும் அதே அளவு ஆழ்ந்தவர். 1940-களின் இறுதியில் அவரைச் சந்திக்க மைசூர் வந்த இ.எம்.ஐ. இசைத்தட்டுத் தயாரிப்பாளர் வால்ட்டர் லெக், அரண்மனையில் இருந்த இசைத்தட்டு நூலகத்தையும், வகை வகையான ஒலிபெருக்கிகளையும், கச்சேரிப் பியானோக்களையும் பார்த்து வியந்து எழுதினார். அந்தச் சந்திப்பில் இருந்துதான் லண்டன் ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவுக்கு மகாராஜாவின் பண உதவி போனது. நிக்கொலாய் மெட்னர் என்ற ரஷ்ய இசையமைப்பாளர் லண்டனில் வறுமையில் இருந்தபோது, அவருடைய படைப்புகள் அவர் கைப்படவே பதிவாக வழி செய்ததும் மகாராஜாதான். மெட்னர் தன் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை அவருக்கே சமர்ப்பித்தார்.

நம் விஷயத்துக்கு மிக நெருக்கமான கதை 1950-ல் நடந்தது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் மறைந்த மறு ஆண்டு மே 22 அன்று, அவருடைய 'நான்கு கடைசிப் பாடல்கள்' லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முதன்முதலாக அரங்கேறின. பாடியவர் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட், நடத்தியவர் ஃபுர்ட்வாங்லர். அந்த நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் பொறுப்பேற்றவர் மைசூர் மகாராஜா. அவர் லண்டனுக்குப் போகவில்லை. தன் சேகரிப்பில் சேர்க்க ஒரு பதிவு வேண்டும் என்பதே அவர் கேட்டது. அப்போதே அந்தச் சேகரிப்பில் சுமார் 20,000 இசைத்தட்டுகள் இருந்ததாகச் சொல்வார்கள். கச்சேரி அசிட்டேட் தட்டுகளில் பதிவானது. அசிட்டேட் மிருதுவான பூச்சு. ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் பள்ளத்தின் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே போகும். எல்.பி.யாக வெளியிட அதைப் படியெடுப்பதற்குள் தட்டுகள் மோசமாகத் தேய்ந்துவிட்டன. பிற்காலத்தில் நிபுணர்கள் எவ்வளவோ பாடுபட்டுச் சீர்செய்து குறுந்தகடாகக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் ஒரு தட்டில் இருந்து தேய்ந்து போனதை எந்த ஆம்பிளிஃபயராலும் எந்த ஸ்பீக்கராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. உலகத்தின் ஒலிபெருக்கிகளை வாங்கி வைத்திருந்த அரண்மனைக்கும் இதே விதிதான்.

அதனால் அறைக்குள் நுழையும் முன் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. கேசட்டில் இருந்து ஏற்றி, பத்து முறை சுருக்கி, வாட்ஸ்அப்பில் வந்த பாட்டை வைத்துக்கொண்டு செட்டைக் குறை சொல்ல வேண்டாம். குறைந்த பிட் ரேட்டில் சுருக்கும்போது முதலில் அடிபடுவது தாளத்தின் ரீங்காரம்தான். வெண்கலம் தண்ணீருக்குள் அடித்ததுபோலக் குழறும். ஒரு நல்ல குறுந்தகடு போதும், அல்லது சுருக்காத தரத்தில் தரும் ஒரு ஸ்ட்ரீமிங் சந்தா போதும். சோதனைக்கு என்று ஐந்தாறு பாட்டுகளை ஒதுக்கி வைத்துக்கொண்டு எப்போதும் அவற்றையே போடுங்கள். ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று பேசப்படும் 1978-ன் 'ப்ரியா' பாட்டுகள் என் பட்டியலில் உண்டு. எந்த வாத்தியம் இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று அதில் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மைசூர் வி. துரைசாமி ஐயங்காரின் வீணைப் பதிவு ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். மீட்டும் நகம் தந்தியில் படும் சத்தமும், குடத்தில் இருந்து வரும் கார்வையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

கை தட்டிப் பாருங்கள்

ஹனூர் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் ஒரு படுக்கையறை சுமாராகப் 12 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி. தரையில் டைல்ஸ், சுவரில் பூச்சு, மேலே கான்கிரீட். அந்த அறையில் சாமான் எதுவும் வைப்பதற்கு முன் காலியாக இருக்கும்போது நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் 'டர்ர்ர்' என்று ஓர் உறுமல் கேட்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தாடப்படுகிறது. 10 அடி இடைவெளியில் போய்த் திரும்ப அதற்கு ஒரு நொடியில் ஐம்பத்தாறில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். நம் கம்சாளேயின் ரீங்காரத்தை விழுங்குவது இந்த உறுமல்தான். முந்தைய அடியின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது.

டைல்ஸும் சிமெண்ட் பூச்சும் தங்கள் மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். அந்தக் கணக்கில், காலியான அந்த அறையில் ஓர் ஓசை முழுதாக அடங்க 2 விநாடிக்கும் மேல் ஆகும். பாட்டுக் கேட்கும் அறைக்கு அது அரை விநாடிக்குள் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-ல், பேச்சே புரியாத ஒரு வகுப்பறையைச் சரிசெய்யச் சொல்லி அவரிடம் ஒப்படைத்தார்கள். பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் எதிரொலி அடங்கும் நேரத்தை அளந்தார். உலகத்தின் இசை அரங்கங்கள் எல்லாம் இன்றைக்கும் நிற்பது அந்த மெத்தைக் கணக்கின் மேல்தான்.

இந்த வேலையை நம் வீட்டில் செய்ய இலவம்பஞ்சு மெத்தை இருக்கிறது. அறைக்குள் ஒரு கட்டிலும் மெத்தையும் வந்தாலே பாதி உறுமல் போய்விடும். துணி அலமாரியின் கதவைத் திறந்து வைத்தால் இன்னும் கொஞ்சம். கனமான பழைய துப்பட்டி ஒன்றை இரண்டாக மடித்து, சுவரை ஒட்டாமல் அரை அடி தள்ளித் தொங்க விடுங்கள். சுவரோடு ஒட்டி வைப்பதைவிட இப்படி இடைவெளி விட்டால் தாழ்ந்த ஓசையையும் பிடிக்கும். எங்கே தொங்கவிடுவது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: நீங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் ஒருவரைச் சுவரோரம் கண்ணாடியைப் பிடித்தபடி நடக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் முதல் எதிரொலி கிளம்பும் இடம். துப்பட்டி அங்கே.

முட்டை அட்டையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் ஸ்டூடியோ ஆகிவிடும் என்ற நம்பிக்கை எப்படியோ ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. அந்த மெல்லிய அட்டை நடுத்தர ஓசையில் கொஞ்சத்தைப் பிடிக்கும். பேஸை ஒன்றும் செய்யாது. தீப்பிடித்தால் நின்று எரியும். வேண்டாம். ஒரு ஓசையை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அதன் அலைநீளத்தில் கால் பங்கு தடிமன் வேண்டும். 100 ஹெர்ட்ஸ் பேஸுக்கு அது 86 சென்டிமீட்டர்! ஆகவே பேஸை ஒட்டும் பொருளால் சரிசெய்யப் பார்க்காமல், ஸ்பீக்கர் நிற்கும் இடத்தாலும் நாம் உட்காரும் இடத்தாலும் சரிசெய்வதே புத்திசாலித்தனம்.

இதே ஊரில் பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். சாய்ந்த ஓட்டுக்கூரை தரைக்கு இணையாக இல்லாததால் மேலும் கீழும் பந்தாட்டம் நடக்காது. ஓட்டின் இடுக்குகள் வழியாக பேஸும் கொஞ்சம் வெளியே போய்விடும். இடித்துக் கான்கிரீட் போடும் முன் அந்த வீட்டில் ஒரு நாள் நல்ல ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

மூலையும் பாயும்

12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் ஓசை சுவருக்குச் சுவர் சரியாகப் பொருந்தி நிற்கும். 10 அடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸ். உயரமும் 10 அடி என்றால் அதே 56 இரண்டு மடங்கு வலுவாக வரும். டிரம், பேஸ் கிட்டார், தவிலின் தொப்பி எல்லாம் அந்த ஒரு சுருதியில் 'கும்... கும்...' என்று வீங்கும். ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் வீக்கம் உச்சத்துக்குப் போகும். இதைத்தான் பலர் 'நல்ல பேஸ்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். மைக் செட் கடைகளில் காதில் விழும் முதல் கோரிக்கை "அண்ணே, பேஸ் நல்லா அடிக்கணும்" என்பதுதான். அடிப்பது பேஸா, அறையா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். எல்லாச் சுருதியும் ஒரே அளவில் கேட்டால் பேஸ். ஒரு சுருதி மட்டும் குதித்தால் அறை.

பானை விஷயமும் இதுதான். கார் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்துப் பாட்டுக் கேட்காத தலைமுறை தமிழ்நாட்டில் இல்லை. வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்தால் கோனின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பேஸ் வராது. பானை அதில் ஒரு பக்க ஒலியை அடைத்துவிடுகிறது, அதனால்தான் திடீரென்று கனம் கூடுகிறது. பெட்டி என்று ஒன்று எதற்கு வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. ஆனால் கடம் வாசிப்பவருக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. பானைக்கு என்று ஒரு சொந்தச் சுருதி இருக்கிறது. எந்தப் பாட்டைப் போட்டாலும் பானை தன் சுருதியைச் சேர்த்துப் பாடும். நல்ல ஸ்பீக்கர் பெட்டிக்குச் சொந்தக் குரலே இருக்கக் கூடாது. கடையில் பெட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டுங்கள். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் நல்லது. 'டொம்ம்' என்று நீண்டால் உள்ளே தாங்கு கட்டை இல்லை, பலகையும் மெல்லிசு. சொந்தமாகப் பெட்டி அடிப்பவர்கள் 18 மில்லிமீட்டர் பலகைக்குக் கீழே போக வேண்டாம். இங்கிலாந்தில் வார்ஃப்டேல் நிறுவனத்தின் கில்பர்ட் பிரிக்ஸ், பெட்டி அதிரவே கூடாது என்பதற்காக அறையின் மூலையில் செங்கல் வைத்தே ஸ்பீக்கர் கட்டச் சொல்லிக் கொடுத்தார். செங்கலுக்கும் கொத்தனாருக்கும் குறைவில்லாத நம் ஊரில் யாராவது அதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இடம் பார்க்கும் வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். இரண்டு ஸ்பீக்கரையும் பின்சுவரில் இருந்து இரண்டு அடி முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றில் இருந்தும் நீங்கள் உட்காரும் தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் பேஸ் மறைந்துபோகும். சுவரில் சாய்ந்தால் வீங்கும். நடுவுக்கும் சுவருக்கும் இடையே ஓர் இடம் நிச்சயம் கிடைக்கும். சப்வூஃபர் வைத்திருந்தால் அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைக்க வேண்டும்.

உயரம் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வது சோபாவில் உட்காருகிறவர்களுக்கு. ட்வீட்டர் காது மட்டத்துக்கு இருக்க வேண்டும் என்பது விதி. நாம் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் காது தரையில் இருந்து இரண்டரை அடிக்குள் வந்துவிடும். இரண்டு அடி ஸ்டாண்டில் ஏற்றிய ஸ்பீக்கரின் ட்வீட்டர் நம் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருக்கும். ஸ்டாண்டைக் குறைக்கலாம், அல்லது பின்பக்கம் ஒரு கட்டையை வைத்து ஸ்பீக்கரை முன்னால் சாய்க்கலாம். காசு செலவில்லாமல் வெண்கலம் திரும்பி வரும் இடம் இது.

இன்னொன்று. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் ஒயர் மாறிப் போயிருந்தால், பாடுகிறவர் நடுவில் நிற்க மாட்டார். குரல் இரண்டு பக்கமும் கலைந்து கிடக்கும், பேஸ் காணாமல் போகும். எத்தனையோ வீடுகளில் வருடக்கணக்காக இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. கண்டுபிடிக்க ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரி போதும். ஆம்பிளிஃபயரில் இருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, சிவப்பு ஒயரில் பேட்டரியின் பிளஸ், கறுப்பில் மைனஸ் என்று ஒரு நொடி மட்டும் தொடுங்கள். 'டப்' என்று கோன் முன்னால் வர வேண்டும். உள்ளே போனால் ஒயர் மாறியிருக்கிறது.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது

செட்டின் குணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருடையது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பின்னர் ஹார்மன் நிறுவனத்திலும் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்த ஃபிளாய்ட் டூல், திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை மறைத்து வைத்து மக்களைக் கேட்க வைத்தார். எது எந்தக் கம்பெனி என்று தெரியாதபோது, பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரி ஸ்பீக்கரையே விரும்பினார்கள்: எல்லாச் சுருதிக்கும் சமமாக ஒலிப்பது, நேரே மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் அதே குணத்தோடு ஒலிப்பது. 1994-ல் சக ஆய்வாளர் ஷான் ஆலிவுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், பெட்டியைக் கண்ணால் பார்த்தவுடன் அதே ஆட்களின் மதிப்பெண்கள் மாறிப் போயின. விலையும் அளவும் பெயரும் காதுக்குள் புகுந்துவிடுகின்றன.

ஆகவே கடையில் கேட்கும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, கூட வந்தவரிடம் மாற்றி மாற்றிப் போடச் சொல்லிவிட்டுத் திரும்பி உட்காருங்கள். இரண்டு, இரண்டு ஸ்பீக்கரும் ஒரே சத்தத்தில் இருக்கிறதா என்று போனில் உள்ள டெசிபல் மீட்டரில் பாருங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதை 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு ஸ்பீக்கருக்கு நேரே இருக்கும் இடத்தில் இருந்து எழுந்து பக்கவாட்டில் நடந்து பாருங்கள். குரல் மங்கிப் போனால் அந்த ஸ்பீக்கர் வீட்டில் ஏமாற்றும். கூச்சல் போடும் பீசோ ட்வீட்டர் உள்ள பெட்டியில் கம்சாளே, ஜால்ரா, பாடகரின் 'ச', மழைச் சத்தம் எல்லாம் ஒரே 'ஸ்ஸ்' ஆகிவிடும்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவது நல்ல வழி. கோனின் ஓரத்தில் இருக்கும் வளையம் ஃபோம் என்றால் பத்துப் பதினைந்து வருஷத்தில் பொடிந்து உதிரும். ரப்பர் என்றால் நெடுங்காலம் உழைக்கும். விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ விலையைக் குறைத்துக் கேளுங்கள். வளையம் மாற்றுவது மைக் செட் ரிப்பேர் கடைக்காரருக்குத் தெரிந்த வேலைதான். வாய்ஸ் காயில் உரசினால் மட்டும் யோசிக்க வேண்டும். கோனை இரண்டு பக்கமும் சமமாக அழுத்தும்போது 'கர்' என்று கேட்டால் உரசுகிறது.

2000 வாட் ஸ்டிக்கர்

ஆம்பிளிஃபயரைப் பொறுத்தவரை நம் ஊர் அசெம்பிள் கலை பெரிய சொத்து. 4440 ஐ.சி.யில் தொடங்கி, எஸ்.டி.கே., 7294, 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி என்று சால்டரிங் அயர்னோடு வளர்ந்த கைகள் ஒவ்வொரு டவுனிலும் இருக்கின்றன. அவர்களில் பலர் பேர்பெற்ற கம்பெனிகளுக்கு நிகராக ஆம்பிளிஃபயர் கட்டக் கூடியவர்கள். வாட் மோகம்தான் அவர்களைக் கெடுக்கிறது.

24-0-24 வோல்ட், 3 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் போட்ட ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். டி.சி.யாக மாற்றினால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 34 வோல்ட். ஐ.சி.யின் சொந்த இழப்பு போக, ஸ்பீக்கருக்குப் போகக் கூடிய உச்சம் 30 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 56 வாட். இரண்டு சேனலும் சேர்ந்து நீடித்து ஓட அந்த டிரான்ஸ்ஃபார்மரின் 144 வி.ஏ.யில் இருந்துதான் எல்லாம் வர வேண்டும். முகப்பில் '2000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது இவ்வளவுதான். அது ஒன்றும் குறைவில்லை. வீட்டில் நாம் சாதாரணமாகக் கேட்கும் சத்தத்துக்கு ஒரு வாட்டுக்கும் குறைவாகத்தான் செலவாகிறது. தவில் விழும் கணத்துக்குத்தான் மிச்சம் வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல். மாறாக, ஒரு வாட்டுக்கு 84 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர் வாங்கினால் நான்கு மடங்கு வாட் வாங்கியதற்குச் சமம்.

அதனால் அசெம்பிள் செய்யக் கொடுக்கும்போது "எத்தனை வாட் வரும்?" என்பதைவிட்டு, "நல்ல செப்புச் சுற்று டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கண்ணே, ஃபில்டர் கெப்பாசிட்டர் ஒரிஜினல் போடுங்க, ஹீட் சிங்க் பெருசா வைங்க" என்று கேளுங்கள். இரவில் மெல்லக் கேட்கிறவர்கள் 'லவுட்னெஸ்' பட்டன் ஒன்றும் சேர்க்கச் சொல்லலாம். சத்தம் குறையும்போது நம் காது பேஸை அதிகமாக இழக்கிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். வால்வு செட்டின் மேல் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960-களில் இருந்து தயாரித்த ரேடியோ வால்வுகள் இன்றும் பழைய கடைகளில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடைப்பதுண்டு.

ஒயருக்கு இரண்டு வரி போதும். 1.5 ஸ்கொயர் எம்.எம். சுத்தச் செம்பு ஒயர் 5 மீட்டருக்குப் போக வர சேர்த்து ஓர் ஓமில் எட்டில் ஒரு பங்குதான் தடை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டில்லை. அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய ஒயரை மட்டும் தவிருங்கள்.

எல்.பி. கேட்கிறவர்கள் ஊசி எடையை அந்த கார்ட்ரிட்ஜுக்குச் சொன்னபடி, பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை, சின்ன தராசு வைத்து அளந்து போடுங்கள். தட்டு தேயக் கூடாது என்று எடையைக் குறைப்பது தவறு. ஊசி பள்ளத்தில் அமராமல் துள்ளி, இன்னும் மோசமாகக் கீறும். 78 வேகத் தட்டுக்கு எல்.பி. ஊசி ஆகாது; அதன் பள்ளம் எல்.பி.யைவிட மிகவும் அகலம்.

உறுமலும் எர்த்தும்

கடைசியாக, கிராமங்களில் எல்லோரையும் வாட்டும் ஹம். பாட்டு ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அடித்தொண்டையில் ஆழமாக வந்தால் 50 ஹெர்ட்ஸ். அது பெரும்பாலும் கேபிள் வழியாகவோ எர்த் வழியாகவோ நுழைகிறது. டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், ஆடியோ கேபிளை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எதை உருவும்போது நிற்கிறதோ அதுதான் வழி. அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் கரகரப்பாக வந்தால் 100 ஹெர்ட்ஸ்; பழைய ஃபில்டர் கெப்பாசிட்டர் உப்பியிருக்கும், மாற்ற வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைச்சல் வந்தால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அடுத்த முறை மாற்றும்போது சைன் வேவ் கேட்டு வாங்குங்கள். ஆம்பிளிஃபயரைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

ஹம் போக வேண்டும் என்று பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஹம் போகலாம்; டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போகும் அன்று ஆம்பிளிஃபயரின் இரும்புப் பெட்டியைத் தொடுகிறவர் உயிரும் போகும். செய்ய வேண்டியது எர்த் குழியைப் பார்ப்பதுதான். வீட்டுக்குப் பின்னால் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழி கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் வேலை செய்யாது. மாசி, பங்குனியில் மண் வறளத் தொடங்கியதும் குழிக் குழாயில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கம்பி துருப்பிடித்திருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள். ஆம்பிளிஃபயர், டி.வி., செட்-டாப் பெட்டி மூன்றையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் இருந்து எடுங்கள். வெவ்வேறு அறைகளின் பிளக்குகளில் இருந்து எடுத்து நடுவே ஆடியோ ஒயர் போட்டால், இரண்டு எர்த்துக்கு நடுவில் உள்ள வோல்டேஜ் வித்தியாசம் அந்த ஒயர் வழியாகவே ஸ்பீக்கருக்கு வந்து சேரும்.